கன்ட்ரோலர் டெஸ்ட் ஃபெயில் ஆனால் எங்கே பார்ப்பது?

வெப் ஆப்பில் ரிக்வெஸ்டை வாங்கிப் பதில் தரும் பகுதியான கன்ட்ரோலருக்கு டெஸ்ட் எழுதப் பழகும்போது நேரம் பெரும்பாலும் கன்ட்ரோலரில் போவதில்லை. அதற்கு முன்னால் இருக்கிற வாசல்களில் போகிறது. டெஸ்டிலிருந்து கிளம்பும் ரிக்வெஸ்ட் பல வாசல்களைத் தாண்ட வேண்டும்; அவற்றின் வரிசை ஃபிரேம்வொர்க்குக்கு ஏற்ப மாறும். எந்த முகவரிக்கு எந்தக் கோட் என்று முடிவுசெய்யும் ரூட்டர், வழியில் ரிக்வெஸ்டுகளைப் பார்த்து அனுப்பும் மிடில்வேர், லாகின் சரிபார்ப்பு, ஃபார்ம் நம் தளத்திலிருந்துதான் வந்ததா என்று பார்க்கும் சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் சரிபார்ப்பு, உள்ளீட்டைப் பிரித்தெடுக்கும் வேலை. இவ்வளவும் முடிந்த பிறகுதான், அந்த ரிக்வெஸ்டுக்காகக் கன்ட்ரோலருக்குள் நீங்கள் எழுதிய ஆக்‌ஷனின் முதல் வரி ஓடும். அதனால் எந்த டெஸ்ட் ஃபெயில் ஆனாலும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ரிக்வெஸ்ட் ஆக்‌ஷன் வரைக்கும் வந்ததா, வழியிலேயே திரும்பிவிட்டதா?

விடை காண இரண்டு வேலை போதும். ஆக்‌ஷனின் முதல் வரியில் ஏதாவது ஒரு சொல்லை அச்சிடச் செய்யுங்கள். டெஸ்டில் முடிவைச் சரிபார்க்கும் வரியான அசெர்ஷனுக்கு முந்தின வரியில் மூன்றை அச்சிடுங்கள்: ஸ்டேட்டஸ் கோட் (200 என்றால் சரி, 302 என்றால் வேறு பக்கத்துக்குத் திருப்பல்), லொகேஷன் ஹெடர் (திருப்பும் முகவரி), ரெஸ்பான்ஸ் பாடியின் தொடக்கப் பகுதி. டெஸ்ட் ரன்னர் கொடுக்கும் பிழைச் செய்தி "200 எதிர்பார்த்தேன், 302 வந்தது" என்பதோடு நின்றுவிடும். ஏன் வந்தது என்பது இந்த மூன்றில்தான் இருக்கும்.

கீழே வரும் எடுத்துக்காட்டுகளுக்கு ஒரு குறிப்பேடு ஆப் என்று வைத்துக்கொள்வோம். பயனர் லாகின் செய்து குறிப்பு எழுதலாம், திருத்தலாம், நீக்கலாம். ரெயில்ஸ், ஜாங்கோ, லாரவெல், ஸ்பிரிங் என எந்த வெப் ஃபிரேம்வொர்க் ஆனாலும் அறிகுறிகள் ஏறக்குறைய ஒன்றுதான். மாறுகிற இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

## 200 எதிர்பார்த்தால் 302 வருகிறது

அதிகம் பார்க்கிற அறிகுறி இதுதான். லொகேஷன் ஹெடரைப் படித்தால் பாதி வேலை முடிந்தது.

அது லாகின் பக்கத்தைக் காட்டினால் டெஸ்டில் யாரும் லாகின் செய்யவில்லை என்று பொருள். பிரவுசரில் நீங்கள் ஏற்கெனவே லாகின் ஆகியிருப்பீர்கள். டெஸ்ட் ஒவ்வொரு முறையும் வெறும் செஷனோடு தொடங்கும். லாகின் ஃபார்மை டெஸ்டுக்குள் நிரப்பி அனுப்ப வேண்டியதில்லை. ஜாங்கோவின் டெஸ்ட் கிளையன்டில் ஃபோர்ஸ் லாகின், லாரவெலில் ஆக்டிங் ஆஸ், ரெயில்ஸில் டிவைஸ் என்ற லாகின் நூலகத்தைப் பயன்படுத்தினால் அதன் சைன் இன் ஹெல்ப்பர் என்று குறுக்குவழி எல்லாவற்றிலும் உண்டு. லாகின் ஃபார்மையே சோதிக்கும் டெஸ்டுகளில் மட்டும் அதை நிரப்புங்கள்.

அதே முகவரி, ஆனால் எச்டிடிபிஎஸ்ஸோடு வருகிறதா? பாதுகாப்பான இணைப்புக்குக் கட்டாயமாகத் திருப்பும் அமைப்பு டெஸ்ட் சூழலிலும் இயங்குகிறது. இதில் பெரும்பாலும் 301 வரும். ஜாங்கோவில் 301 வந்து, முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடு மட்டும் கூடுதலாக இருந்தால், நீங்கள் சாய்கோடு இல்லாமல் எழுதிவிட்டீர்கள். முகவரியைக் கையால் எழுதாமல் ரூட்டின் பெயரைக் கொடுத்து உருவாக்கிக்கொண்டால் இந்தத் தொல்லையே வராது.

லொகேஷன் தளத்தின் முதல் பக்கத்தைக் காட்டினால், லாரவெல்காரர்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். லாரவெலில் ஃபார்ம் வாலிடேஷன் தோற்றால் பயனர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாரோ அங்கேயே திருப்பி அனுப்பப்படுவார். டெஸ்டில் அப்படி ஒரு முந்தைய பக்கம் கிடையாது. அதனால் முதல் பக்கத்துக்கு அனுப்பிவிடும். பார்த்தால் ஏதோ ரூட் குழப்பம் போலத் தெரியும். உண்மையில் தலைப்புப் பெட்டியை நீங்கள் காலியாக விட்டிருப்பீர்கள். செஷனில் வாலிடேஷன் பிழைகள் இல்லை என்று ஓர் அசெர்ஷன் சேர்த்தால், எந்தப் பெட்டியில் என்ன குறை என்பதை அதுவே சொல்லிவிடும்.

ஜாங்கோவில் ரீடைரக்டைச் சோதிக்கும் அசெர்ஷன் ரீடைரக்டோடு நிற்பதில்லை. போய்ச் சேரும் பக்கத்தையும் திறந்து பார்த்து, அங்கே 200 இருக்கிறதா என்று சோதிக்கும். உங்கள் ரீடைரக்ட் சரியாக இருந்தும் டெஸ்ட் ஃபெயில் ஆகிறது என்றால், போய்ச்சேர்ந்த பக்கத்தில் கோளாறு. பிழைச் செய்தியை முழுதாகப் படித்தால் எந்தப் பக்கம் என்று இருக்கும்.

## 404 வருகிறது, ஆனால் பிரவுசரில் அதே முகவரி திறக்கிறது

இரண்டு வகை 404 உண்டு: ரூட்டே இல்லை என்பது ஒன்று; ரூட் இருக்கிறது, பதிவு இல்லை என்பது மற்றொன்று. ஆக்‌ஷனுக்குள் அச்சிடச் சொன்ன சொல் வந்ததென்றால் இரண்டாவது.

பதிவு இல்லை என்றால், டெஸ்ட் டேட்டாபேஸ் வேறு என்பதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். நீங்கள் உருவாக்கிப் பார்த்த குறிப்புகள் எதுவும் அதில் இருக்காது. டெஸ்டுக்கு வேண்டியதை டெஸ்டே உருவாக்க வேண்டும். அடுத்தது, உருவாக்கிய குறிப்பு யாருடையது? ஒருவருடைய குறிப்பை உருவாக்கி, வேறொருவராக லாகின் செய்தால், ஒழுங்காக எழுதப்பட்ட கன்ட்ரோலர் 404 கொடுக்கத்தான் செய்யும். டெஸ்டுக்கான மாதிரிப் பதிவுகளை உருவாக்கித் தரும் ஃபேக்டரிகளைப் பயன்படுத்தும்போது இது அடிக்கடி நேரும். உரிமையாளர் யார் என்று நீங்கள் சொல்லாவிட்டால் ஃபேக்டரி தானாகவே ஒரு புதுப் பயனரை உருவாக்கிக் கொடுத்துவிடும்.

டெஸ்டில் பதிவின் ஐடியை 1 என்று எழுதி வைத்திருக்கிறீர்களா? முதல் தடவை ஓடும். அடுத்த தடவை ஓடாது. ஒவ்வொரு டெஸ்டின் முடிவிலும் டிரான்ஸாக்‌ஷன் ரோல்பேக் ஆனாலும் (மாற்றங்கள் திரும்பப் பெறப்பட்டாலும்), போஸ்ட்கிரெஸ்ஸிலோ மைஎஸ்க்யூஎல்லிலோ ஐடி எண்ணிக்கை பின்னால் போவதில்லை. பதிவு அழிந்துவிடும், 1 என்ற எண் செலவாகிவிட்டது. உருவாக்கிய ஆப்ஜெக்டிடமே ஐடியைக் கேளுங்கள்.

ரூட்டே இல்லை என்றால் ரூட் பட்டியலை எடுத்துப் பாருங்கள். ஸ்பிரிங்கில் ஒரு தனிச் சிக்கல். ஆப் முழுவதற்கும் முகவரியின் முன்னால் வரும் ஒரு கான்டெக்ஸ்ட் பாத் வைத்திருந்தால், பிரவுசரில் அதையும் சேர்த்துத்தான் முகவரி எழுதுவீர்கள். ஸ்பிரிங்கின் டெஸ்ட் கருவியான மாக்எம்விசி அந்த அமைப்பைக் கண்டுகொள்வதில்லை. டெஸ்டில் அதை விட்டுவிட்டு எழுதுங்கள். 405 வந்தால் கதை எளிது: முகவரி சரி; ரிக்வெஸ்டின் வகையான கெட், போஸ்ட், பேட்ச் என்பதில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டிருக்கிறீர்கள்.

## கெட் எல்லாம் போகிறது, போஸ்ட் மட்டும் 403 அல்லது 419

சிஎஸ்ஆர்எஃப் டோக்கன். ரெயில்ஸ் புது ஆப் உருவாக்கும்போதே டெஸ்ட் சூழலில் இந்தச் சரிபார்ப்பை அணைத்து வைத்துவிடும். ஜாங்கோவின் டெஸ்ட் கிளையன்ட்டும் வேண்டுமென்று கேட்டால் ஒழியச் சரிபார்க்காது. ஸ்பிரிங் செக்யூரிட்டி அப்படி விடுவதில்லை. மாக்எம்விசி ரிக்வெஸ்டோடு டோக்கனைச் சேர்க்கும் உதவி மெத்தட் ஒன்று அதன் டெஸ்ட் நூலகத்தில் இருக்கிறது. அதைச் சேர்க்காத போஸ்ட்டுக்கு 403தான். ஸ்பிரிங்கில் போலிப் பயனரை மாற்றி மாற்றிப் போட்டு, ரோல் சரியில்லையோ என்று அலைகிறவர்கள் அதிகம். டோக்கனை முதலில் பாருங்கள், ரோலை அப்புறம் பார்க்கலாம்.

லாரவெலில் 419 வந்தால் அது டோக்கன் பிழை. ஆனால் லாரவெலும் டெஸ்ட் ஓடும்போது டோக்கனைச் சரிபார்க்காது. அப்படியிருந்தும் 419 வருகிறதென்றால், தான் டெஸ்ட் சூழலில் இருப்பதே ஆப்புக்குத் தெரியவில்லை. பெரும்பாலும் கான்ஃபிக் கேஷ் ஆகியிருக்கும், அதாவது அமைப்புகள் முன்பே சேமித்த நகலிலிருந்து படிக்கப்படும். கேஷ் இருந்தால் டெஸ்ட் ரன்னரான பிஎச்பியூனிட்டின் அமைப்புக் கோப்பில் நீங்கள் எழுதிய சூழல் மாறிகள் எதுவும் எடுபடாது. இதைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். டெஸ்ட் டேட்டாபேஸின் பெயரும் அதே கோப்பில்தான் இருக்கிறது. அது எடுபடவில்லை என்றால் டெஸ்ட் உங்கள் அசல் டெவலப்மென்ட் டேட்டாபேஸில் ஓடும். ரெஃப்ரெஷ் டேட்டாபேஸ் டிரெயிட் போட்டிருந்தால், எல்லா டேபிளையும் துடைத்துவிட்டுத்தான் தொடங்கும். எனவே 419 பார்த்தவுடன் டெஸ்டை இன்னொரு முறை ஓட்டிப் பார்க்காமல், முதலில் கான்ஃபிக் கேஷை அழியுங்கள்.

## அனுப்பிய மதிப்பு உள்ளே வந்து சேரவில்லை

ஆக்‌ஷன் ஓடுகிறது, ஆனால் தலைப்பு காலி. அல்லது 400, 415, 422 இவற்றில் ஒன்று வருகிறது.

415 என்றால் கன்டென்ட் டைப்பை (அனுப்பும் தரவின் வகையை) சொல்லவில்லை, அல்லது தப்பாகச் சொல்லியிருக்கிறீர்கள். ஜாங்கோவின் டெஸ்ட் கிளையன்ட் போஸ்ட் செய்யும்போது தானாக மல்டிபார்ட் ஃபார்மாகத்தான் அனுப்பும். உங்கள் வியூ ஜேசன் படிக்கிறதென்றால் கன்டென்ட் டைப்பை நீங்கள்தான் சொல்ல வேண்டும். ரெயில்ஸிலும் ஜேசனாக அனுப்பு என்று தனியாகச் சொல்ல வேண்டும். லாரவெலில் ஜேசனுக்கென்றே தனி போஸ்ட் மெத்தட் இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் இன்னொரு மாற்றமும் வரும்: வாலிடேஷன் தோற்றால் 302க்குப் பதில் 422 கிடைக்கும், லாகின் இல்லையென்றால் 401. ஒரே ஆக்‌ஷன், ஒரே உள்ளீடு, ரெஸ்பான்ஸ் மட்டும் வேறு; அதனால் எந்த வழியாக அழைக்கிறோம் என்பதை டெஸ்டின் பெயரிலேயே எழுதிவிடுவது நல்லது.

ரெயில்ஸில் 400 வந்தால் எந்தெந்தக் கீ உள்ளே வரலாம் என்று வடிகட்டும் ஸ்ட்ராங் பாராமீட்டர்ஸைப் பாருங்கள். தலைப்பையும் உள்ளடக்கத்தையும் "குறிப்பு" என்ற மேல்நிலைக் கீக்குள் வைத்து அனுப்ப வேண்டியதை நேரடியாக அனுப்பியிருப்பீர்கள். இது சத்தம் போட்டுத் தோற்பதால் பரவாயில்லை. அனுமதிப் பட்டியலில் இல்லாத ஒரு கீ சத்தமில்லாமல் கழற்றிவிடப்படுவதுதான் மோசம். பதிவு உருவாகும், ரீடைரக்ட் நடக்கும், எண்ணிக்கை ஒன்று கூடும், புதிதாகச் சேர்த்த அந்த ஒரு பெட்டி மட்டும் காலியாக இருக்கும். டெஸ்ட் சூழலில் அனுமதியில்லாத கீ வந்தால் எக்செப்ஷன் எறியும்படி ரெயில்ஸில் ஒரே வரியில் அமைத்துக்கொள்ளலாம். எல்லா ஆப்பிலும் இதைப் போட்டே ஆக வேண்டும் என்பேன்.

ஃபார்மாக அனுப்பும்போது எல்லா மதிப்பும் சரமாகத்தான் (ஸ்ட்ரிங்) போகும் என்பதையும் மறக்க வேண்டாம். ரெயில்ஸிலும் ஜாங்கோவிலும் டெஸ்டில் எண் 5 என்று எழுதினாலும் கன்ட்ரோலர் பார்ப்பது "5" என்ற சரம். ஜேசனில் அது எண்ணாகவே போகும்.

## 500 வருகிறது, காரணம் எங்கும் தெரியவில்லை

ஃபிரேம்வொர்க் எக்செப்ஷனைப் பிடித்து, பயனருக்குக் காட்டும் அழகான பிழைப் பக்கமாக மாற்றிவிட்டது. டெஸ்டில் அந்த அழகு நமக்கு வேண்டாம். லாரவெலில் எக்செப்ஷன் கையாளுதலை அந்த டெஸ்டுக்கு மட்டும் நிறுத்தும் மெத்தட் உண்டு. போட்டால் ஸ்டேக் டிரேஸ் நேராக டெர்மினலுக்கு வரும். ஜாங்கோவின் டெஸ்ட் கிளையன்ட் இயல்பாகவே எக்செப்ஷனை டெஸ்டுக்குள் எறிந்துவிடும். ரெயில்ஸில் 7.1க்கு முன்பு உருவான ஆப்களில் டெஸ்ட் சூழலில் எந்த எக்செப்ஷனும் நேராக டெஸ்டுக்கு வந்துவிடும். 7.1 முதல் புது ஆப்களில், பதிவு கிடைக்கவில்லை போன்ற தெரிந்த வகை எக்செப்ஷன்கள் 404 போன்ற ரெஸ்பான்ஸாக மாறும், மற்றவை எறியப்படும். "எக்செப்ஷன் வர வேண்டும்" என்று எழுதிய பழைய டெஸ்டைப் புது ஆப்புக்குக் கொண்டுவந்தால் ஃபெயில் ஆவது இதனால்தான். எதுவும் தெரியாவிட்டால் டெஸ்ட் சூழலின் லாக் கோப்பைத் திறந்து கடைசி ரிக்வெஸ்டைப் பாருங்கள். டெவலப்மென்ட் லாகைத் திறந்து வைத்துக்கொண்டு "ஒன்றுமே பதிவாகவில்லையே" என்று தேட வேண்டாம். டெஸ்டின் லாக் தனிக் கோப்பு.

## பழைய வழிகாட்டியைப் பார்த்து எழுதினேன், மெத்தட் இல்லை என்கிறது

ரெயில்ஸ் 5 வெளியான 2016இல், கன்ட்ரோலரின் உள் மாறிகளைப் பார்க்கும் அசைன்ஸும், எந்த டெம்ப்ளேட் ரெண்டர் ஆனது என்று சோதிக்கும் அசெர்ஷனும் தனி ஜெம்முக்கு (ரூபி நூலகத்துக்கு) போய்விட்டன. அந்த ஜெம்மைச் சேர்த்தால் வேலை செய்யும். ஆனால் புதிதாக எழுதும் டெஸ்டுக்கு அதைச் சேர்க்காதீர்கள். கன்ட்ரோலருக்குள் மாறியின் பெயர் என்ன என்பது யாருக்கும் கொடுத்த வாக்குறுதி இல்லை. ரெஸ்பான்ஸில் என்ன வந்தது, டேட்டாபேஸில் என்ன மாறியது என்பதைச் சோதித்தால் போதும். ஸ்பிரிங் பூட்டில் போலி ஆப்ஜெக்ட் வைக்க உதவும் மாக்பீன் 3.4 பதிப்பிலிருந்து கைவிடப்படுகிறவை பட்டியலில் சேர்ந்துவிட்டது. மாக்கிட்டோபீன் அதன் இடத்துக்கு வந்திருக்கிறது.

## எதை உடைத்தாலும் டெஸ்ட் பச்சையாகவே இருக்கிறது

ஃபெயிலைக் காட்டும் சிவப்பைவிட, எப்போதும் பாஸ் காட்டும் இந்தப் பச்சை ஆபத்து. யாரும் வந்து இதற்கு உதவி கேட்பதில்லை என்பதால் இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது.

முதலில் அசெர்ஷனின் வடிவம். பைத்தானில் அசெர்ட் ட்ரூ என்பதற்குள் ஸ்டேட்டஸ் கோடையும் 200ஐயும் கமா போட்டு எழுதினால் அது எப்போதும் பாஸ்தான். இரண்டாவது மதிப்பு ஒப்பிடுவதற்கானது இல்லை. ஃபெயில் ஆனால் காட்ட வேண்டிய செய்தி. முதல் மதிப்பு 500 ஆக இருந்தாலும் அது "உண்மை"தானே. ரூபியின் டெஸ்ட் கருவியான மினிடெஸ்டில் வெறும் அசெர்ட்டிலும் இதே கதை. ஒப்பிட வேண்டுமென்றால் ஈக்வல் வகை அசெர்ஷன்.

ஜாவாஸ்கிரிப்டில் ஜெஸ்ட், சூப்பர்டெஸ்ட் என்ற டெஸ்ட் கருவிகளை வைத்து எழுதுகிறவர்கள், பதிலுக்குக் காத்திருக்கச் சொல்லும் அவெய்ட்டை விட்டுவிட்டால், ரிக்வெஸ்ட் திரும்பி வருவதற்குள் டெஸ்ட் பாஸ் என்று முடிந்துவிடும். உள்ளே இருக்கும் அசெர்ஷன் ஓடவே ஓடாது. ஓடியிருக்க வேண்டிய அசெர்ஷன்களின் எண்ணிக்கையை முன்கூட்டியே சொல்லும் வசதி ஜெஸ்ட்டில் இருக்கிறது; சந்தேகமான இடத்தில் போட்டுப் பாருங்கள்.

அடுத்து, ரீடைரக்டைத் தானாகப் பின்தொடரும் கிளையன்ட்கள். ஏஎஸ்பி டாட் நெட் கோரின் வெப் அப்ளிகேஷன் ஃபேக்டரி கொடுக்கும் கிளையன்ட் இயல்பாகவே பின்தொடரும். லாகின் இல்லாமல் குறிப்புப் பக்கத்தைக் கேட்டால், லாகின் பக்கத்துக்குப் போய், அதன் 200ஐக் கொண்டுவந்து கொடுக்கும். "பக்கம் திறக்கிறது" என்று டெஸ்ட் சொல்லும். திறந்தது வேறு பக்கம். பின்தொடர்வதை அணைத்துவிடுங்கள், அல்லது குறிப்பின் தலைப்பு பாடியில் இருக்கிறதா என்றும் சேர்த்துச் சோதியுங்கள்.

எனக்கு மிகவும் கவலை தருகிற வகை, அனுமதி மறுப்பை நிரூபிக்கும் டெஸ்ட். "மற்றவர் என் குறிப்பை நீக்க முடியாது" என்று எழுதுகிறோம். நீக்கும் ரிக்வெஸ்ட் அனுப்புகிறோம். குறிப்புகளின் எண்ணிக்கை மாறவில்லை. பாஸ். ஆனால் எண்ணிக்கை மாறாமல் இருக்க எத்தனையோ காரணம் இருக்கலாம்: லாகின் விட்டுப்போய் 302 வந்திருக்கலாம், முகவரியில் எழுத்துப் பிழையால் 404 வந்திருக்கலாம், டோக்கன் இல்லாமல் 403 வந்திருக்கலாம். நாளைக்கே யாராவது உரிமையாளர் சரிபார்ப்பை நீக்கினாலும் இந்த டெஸ்ட் அசையாது. இதற்கு இரண்டு காவல் வேண்டும். எண்ணிக்கையோடு ஸ்டேட்டஸ் கோடையும் சோதிப்பது ஒன்று. மற்றொன்று, அதே ரிக்வெஸ்டை அப்படியே வைத்து, பயனரை மட்டும் உரிமையாளராக மாற்றி, நீக்கம் நடப்பதைக் காட்டும் இணை டெஸ்ட். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் மறுப்புக்குக் காரணம் ஆள் மாற்றம் என்பது உறுதியாகும்.

உண்மையானதற்குப் பதில் போலியை வைக்கும் மாக் அளவு மீறினாலும் இதே நோய் வரும். சர்வீஸை மாக் செய்து, ரெப்பாசிட்டரியை மாக் செய்து, கடைசியில் "மாக் சொன்னதை மாக் சொன்னது" என்று சோதித்துக்கொண்டிருப்போம். வெளியே போகிற அழைப்புகள், அதாவது பணம் செலுத்தும் சேவை, மெயில், மற்றவர்களின் ஏபிஐ, இவற்றை மாக் செய்யலாம். சொந்த டேட்டாபேஸை உண்மையாகவே தொட விடுங்கள். ஸ்பிரிங்கின் வெப் எம்விசி டெஸ்ட் சர்வீஸ்களை ஏற்றாது என்பதால் அங்கே மாக் தவிர்க்க முடியாதது. அந்த டெஸ்டிடம் ரூட், உள்ளீடு, ஸ்டேட்டஸ் கோட் ஆகியவற்றை மட்டும் எதிர்பாருங்கள்.

ஒரு டெஸ்ட் உயிரோடு இருக்கிறதா என்று தெரிய, கன்ட்ரோலரில் சேமிக்கும் வரியைக் கமென்ட் ஆக்கிவிட்டு ஓட்டுங்கள். சிவப்பு வரவில்லை என்றால் அந்த டெஸ்டை நீக்கிவிட்டுப் புதிதாக எழுதலாம்.

## எழுத்தை மாற்றினாலே டெஸ்ட் உடைகிறது

பக்கத்தின் முழு எச்டிஎம்எல்லையும் ஒப்பிடுகிறீர்கள், அல்லது பட்டனில் உள்ள சொற்களை நம்புகிறீர்கள். குறிப்பின் தலைப்பு பக்கத்தில் இருக்கிறதா, ஃபார்ம் சரியான முகவரிக்குப் போகிறதா என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

## தனியாக ஓட்டினால் பாஸ், எல்லாவற்றோடும் ஓட்டினால் ஃபெயில்

இன்னொரு டெஸ்ட் எதையோ விட்டுவிட்டுப் போயிருக்கிறது. டேட்டாபேஸ் ரோல்பேக் ஆகிவிடும் என்ற நம்பிக்கையில் மற்றவற்றை மறந்துவிடுகிறோம். கேஷ், ரெடிஸ், டிஸ்க்கில் எழுதிய கோப்புகள், கிளாஸ் அளவிலான மாறிகள், மாற்றி வைத்த மொழி அமைப்பு, உறைய வைத்த நேரம் இவை எதுவும் ரோல்பேக் ஆவதில்லை. ஜாங்கோவும் டெஸ்டுகளுக்கு நடுவே கேஷைத் துடைப்பதில்லை.

குற்றவாளியைக் கண்டுபிடிக்க, டெஸ்டுகள் ஓடும் வரிசையை முடிவுசெய்யும் சீட் எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். மினிடெஸ்ட் இயல்பாகவே வரிசையைக் கலைத்து ஓட்டும். ஒவ்வொரு ஓட்டத்திலும் சீட் எண்ணை அச்சிடும். அதே எண்ணைக் கொடுத்தால் அதே வரிசை திரும்ப வரும். ரூபியின் இன்னொரு டெஸ்ட் கருவியான ஆர்ஸ்பெக்கில் பைசெக்ட் வசதி, எந்தெந்த டெஸ்டுகள் சேர்ந்தால் சிக்கல் வருகிறது என்பதைத் தானே பாதி பாதியாகக் குறைத்துக் கொடுத்துவிடும். ஜாங்கோவில் 4.0 முதல் ஷஃபிள் இருக்கிறது; தலைகீழாக ஓட்டிப் பார்க்கும் வழி அதற்கும் முன்பே உண்டு. கலைத்து ஓட்டாத ரன்னரை வைத்திருப்பவர்கள் அந்த வசதியை முதல் வாரத்திலேயே சேர்த்துவிடுங்கள். பல மாதம் கழித்துச் சேர்த்தால், வெளியே வரும் சிக்கல்களைத் தீர்க்கத் தனி ஆள் வேண்டும்.

## மெயில் போகவில்லை, ஜாப் ஓடவில்லை

பெரும்பாலும் ஓடக் கூடாது என்பதுதான் டெஸ்ட் சூழலின் ஏற்பாடு. ஜாங்கோ மெயிலை நினைவகத்தில் உள்ள ஓர் அவுட்பாக்ஸில் போட்டு வைக்கும். ரெயில்ஸில் பின்னணியில் ஓடும் வேலையான ஜாப் வரிசையில் சேர்ந்ததா என்று சோதிக்கலாம். லாரவெலில் மெயிலுக்கும் க்யூவுக்கும் ஃபேக் உண்டு. கன்ட்ரோலர் டெஸ்டுக்கு "வரிசையில் சேர்ந்தது" என்பது போதும்.

ஒன்று மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ஜாங்கோவில் டேட்டாபேஸ் மாற்றங்கள் உறுதியாகி கமிட் ஆன பிறகு ஓடும்படி பதிவு செய்த வேலைகள், சாதாரண டெஸ்ட்கேஸில் ஓடாது. டெஸ்ட் முழுவதும் ஒரு டிரான்ஸாக்‌ஷனுக்குள் இருப்பதால் கமிட் என்பதே நடப்பதில்லை. 3.2 முதல் அந்த வேலைகளைப் பிடித்து ஓட்டித்தரும் ஹெல்ப்பர் இருக்கிறது. ரெயில்ஸில் 5 முதல் இந்தப் பிரச்சினை இல்லை.

## என் கணினியில் ஓடுகிறது, சிஐ சர்வரில் ஓடவில்லை

நேர மண்டலத்தை முதலில் பாருங்கள். டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் சிஐ சர்வர்கள் பெரும்பாலும் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) ஓடும். "இன்றைய குறிப்புகள்" என்று ஒரு பக்கம் இருந்தால், உங்கள் கணினியின் "இன்று" வேறு, சர்வரின் "இன்று" வேறாக இருக்கும் சில மணி நேரங்கள் ஒவ்வொரு நாளும் உண்டு. அந்த நேரத்தில் மட்டும் டெஸ்ட் ஃபெயில் ஆகும். மறுபடி ஓட்டினால் சரியாகிவிட்டதாகத் தோன்றும். டெஸ்டில் நேரத்தை ஓர் இடத்தில் நிறுத்திவிடுங்கள். நிறுத்துவதோடு, நள்ளிரவுக்கு ஒரு நிமிடம் முன்னும் பின்னும் தனித்தனி டெஸ்ட் எழுதினால் உண்மையான பிழை இருந்தால் அகப்படும்.

பட்டியலின் வரிசை அடுத்தது. ஆர்டர் பை இல்லாத கேள்விக்கு டேட்டாபேஸ் எந்த வரிசையில் வேண்டுமானாலும் பதில் தரலாம். உங்களிடம் எஸ்க்யூலைட், சிஐயில் போஸ்ட்கிரெஸ் என்றால் "முதல் குறிப்பு" இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வரிசை முக்கியமென்றால் கன்ட்ரோலரில் சேருங்கள்; முக்கியமில்லை என்றால் டெஸ்டில் வரிசையைப் பார்க்காமல் ஒப்பிடுங்கள். இரண்டு இடத்திலும் ஒரே டேட்டாபேஸ் வைத்துக்கொண்டால் இந்த வகைச் சிக்கல்களில் பெரும்பகுதி வராது.

இவை இரண்டும் இல்லை, டெம்ப்ளேட் கிடைக்கவில்லை என்று பிழை வருகிறதென்றால் கோப்பின் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்தைப் பாருங்கள். மேக்கிலும் விண்டோஸிலும் இயல்பாக இரண்டும் ஒன்றுதான். லினக்ஸில் வேறு வேறு. பெயரை மாற்றும்போது, கோடின் பதிப்புகளைக் காக்கும் கிட்டுக்கும் அது தெரியும்படி கிட்டின் நகர்த்தும் கட்டளையிலேயே மாற்றுங்கள், இல்லாவிட்டால் உங்கள் பக்கம் புதுப் பெயரும் சர்வரில் பழைய பெயரும் இருந்துகொண்டே இருக்கும்.